நுளம்பு கொண்டுபோன ஊசி

“நுளம்பு கடிக்கக்குள்ள, புள்ளைக்குப் போட்ட ஊசி மருந்தும் அதோட சேந்து போகுமா?”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று றிஸ்மினா இப்படிக் கேட்டபோது, ஷஸ்னா கிணற்றடியில் குந்தியிருந்து தன் அக்கா றஹ்மா ராத்தாவின் மகளுடைய துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். தன்னைத்தான் கேட்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. நாலு வருடமாக றிஸ்மினா அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவாள். இன்றைக்கு மகன் அஃப்ராஸை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலிக் கம்பியைப் பிடித்தபடி, பதிலுக்குக் காத்து நின்றாள்.

கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை. அஃப்ராஸுக்கும் ஷஸ்னாவின் ராத்தா மகள் சப்னாவுக்கும் ஒரே மாதத்தில் ஒரு வயது நிரம்பியிருந்தது. அன்று காலை எத்தாளைக் கிளினிக்கில் சப்னாவுக்கு நுளம்புக் கடியால் பரவும் மூளைக் காய்ச்சலுக்கான ஊசி போட்டாயிற்று. றிஸ்மினா மகனைக் கொண்டுவரவில்லை. ஆறாம் மாத ஊசி போட்ட இரவில் காய்ச்சல் ஏறி அவனுக்கு வலிப்பு வந்தது ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே அவள் மகனை மார்போடு அணைத்துக்கொள்வாள்.

“போன்ல ஒருத்தன் போட்டிருந்தான். ஏதோ ஒரு நாட்டுல நுளம்பை வச்சே தடுப்பு மருந்து குத்திப் பாக்கிறாங்களாம்,” என்றாள் றிஸ்மினா. “ஒங்கட சப்னாக்குப் போட்டது உசிருள்ள மருந்துதானே. அவளைக் கடிச்ச நுளம்பு இவனையும் கடிச்சா இவனுக்கும் ஊறிருமா? நாங்க சின்னனா இருக்கக்குள்ள ஒருத்திக்குச் சின்னமுத்து வந்தா, உம்மா எல்லாரையும் ஒரே பாயில கெடத்திருவா. ஒண்டா வந்து ஒண்டாப் போகட்டும் எண்டு. அதப் போலதானே இதுவும்?”

ஷஸ்னாவுக்கு விடை தெரியும். அன்று காலை கிளினிக்கில் ஒரு பெண் இதையே பகிடியாகக் கேட்டிருந்தாள். அப்படியென்றால் நுளம்பே போதும், ஊசி போடுகிற மிஸி தன் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று அவள் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். மருத்துவமாது பாக்கியம்மா மிஸியும் சிரித்துவிட்டு, அது நடக்காது என்று விளக்கமாகச் சொன்னாள். மருந்தில் இருப்பது உயிருள்ள வைரசுதான். ஆனால் சத்தைக் குறைத்து வைத்தது. பிள்ளையின் இரத்தத்தில் நுளம்பு அள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு அது பெருகாது. வாங்குப் பலகையில் ஓரமாக இருந்த ஷஸ்னா ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தாள்.

இப்போது அவள் துணியைப் பிழிந்தாள். தண்ணீர் முழுவதும் வடியும்வரை பிழிந்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, “ஓம்,” என்றாள்.

“மெய்யாவா?”

“ஓம் ராத்தா. போகும்.”

நாலு வருடத்துக்குப் பிறகு றிஸ்மினாவுக்கு அவள் சொன்ன முதல் சொல் அது. சொன்ன பிறகு நெஞ்சுக்குள் என்னவோ இறங்கியதுபோல் இருந்தது. வெயிலில் நடந்து வந்து தண்ணீர் குடித்ததுபோல்.

நாலு வருடத்துக்கு முன் ஷஸ்னா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். விஞ்ஞானத்தில் வகுப்பில் அவளுக்கு மேல் ஆளில்லை. ஆனால் வாய் திறக்க மாட்டாள். விடை தெரிந்தாலும் கையை உயர்த்த வெட்கம். அவளுக்குப் பக்கத்து இருக்கை அக்கீலாவுடையது. அக்கீலா றிஸ்மினாவின் தங்கை. வாய் ஓயாத பிள்ளை. கண்டக்குழியில் காற்றுக் காலத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பாயும் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் வேலை செய்த பையனைப் பற்றி அவள் பாட நேரத்தில் ஷஸ்னாவின் காதுக்குள் கதை கதையாகச் சொல்வாள். ஷஸ்னா சிரித்துக்கொண்டே கேட்பாள். யாருக்கும் சொன்னதில்லை.

ஒரு நாள் அந்த விடுதிக்குப் பின்னால், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடும் வெள்ளைத் தலைத்துணியோடும் ஒரு பிள்ளை அந்தப் பையனின் மோட்டார் சைக்கிளில் இருந்ததை மீன்காரர்கள் கண்டுவிட்டார்கள். முகம் தெரியவில்லை. எத்தாளைப் பிள்ளை என்பது மட்டும் தெரிந்தது. பின்னேரத்துக்குள் ஊர் முழுக்க ஒரே கேள்வி, யாருடைய மகள்? பேச்சு ஒவ்வொரு வீடாக இறங்கித் தன் தாய்வீட்டுப் பக்கம் வந்ததும் றிஸ்மினா முந்திக்கொண்டாள். தான் கல்பிட்டிக்குப் போய்வரும் வழியில் கண்ணால் கண்டதாகவும் அது ஷஸ்னாதான் என்றும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த நெய்னார் ஹாஜியார் வரைக்கும் சொல்லிவிட்டாள்.

அவளுடைய சொல்லுக்கு நிறை அதிகம். அவள் முபாரிஸின் மனைவி. முபாரிஸுக்கு வெங்காயத் தோட்டமும் மிளகாய்த் தோட்டமும் உண்டு. ஷஸ்னாவின் வாப்பா தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர். முபாரிஸின் வாப்பா தன் காணியின் மூலையைக் காட்டி, இருந்துகொள்ளுங்கள் என்று வாயால் சொன்ன இடத்தில்தான் குடிசை போட்டுப் பின்பு கல்வீடு கட்டினார். அகதி என்ற பேர் இத்தனை வருடத்திலும் முழுதாக உதிரவில்லை. உம்மா இல்லாத பிள்ளை, கேட்பாரில்லை என்று பெண்கள் சொன்னார்கள்.

வாப்பா அன்று அவளைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “ஓமா, இல்லையா?”

இல்லை என்றால், அப்படியானால் யார் என்ற அடுத்த கேள்வி வரும். அக்கீலாவின் பேர் நுனி நாக்கில் நின்றது. கூட இருந்து படித்தவளை எப்படிக் காட்டிக் கொடுப்பது? முற்றத்தில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஷஸ்னா ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்விட்டாள். அவள் பேசாமல் போனதையே ஊர் ஓம் என்று எடுத்துக்கொண்டது. அடுத்த நாள் அவளுடைய பள்ளிக்கூடப் பை அலுமாரிக்கு மேல் ஏறியது. அக்கீலா பரீட்சை எழுதினாள், மேலே படித்தாள், புத்தளம் நகரத்தில் நல்ல இடத்தில் கலியாணம் முடித்தாள். வாப்பா தன் மகள் அப்படிப்பட்டவள் என்று நம்பிக்கொண்டே போன வருடம் மவுத்தானார். மையித்தைக் குளிப்பாட்டிக் கொண்டுபோன பிறகு, மையித்து வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவள் றிஸ்மினா. ஷஸ்னா அந்தச் சோற்றைத் தொடவில்லை.

கிணற்றடியில் அவள் சொன்ன ஓம் இப்படி வந்ததுதான்.

அன்றே, பொழுது சாய்ந்து மஃரிபுக்கு முன்பே றிஸ்மினா மகனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மஃரிப் நேரத்தில் யாரும் சின்னப் பிள்ளைகளை வெளியே வைத்திருக்க மாட்டார்கள். பாங்கு சொல்ல முன் உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துவார்கள், அந்த நேரத்தில் ஷைத்தான்கள் உலாவும் என்று. அதைச் சொல்லிச் சொல்லி மற்றவர்களைத் திருத்துகிறவளே றிஸ்மினாதான். அவளே மணலில் பாய் விரித்து, அஃப்ராஸின் சட்டையைக் கழற்றி, சப்னாவுக்குப் பக்கத்தில் இருத்தினாள். ஷஸ்னாவின் ராத்தா றஹ்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைகள் சேர்ந்து விளையாடட்டும் என்று றிஸ்மினா சொன்னாள். காணிக்காரி வீட்டுக்கு வந்ததே பெரிது என்று றஹ்மா தேத்தண்ணி போடப் போனாள்.

களப்புத் தண்ணீர்ப் பக்கமிருந்து நுளம்பு கூட்டமாக வந்தது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஷஸ்னா இன்னொன்று செய்யத் தொடங்கினாள். றிஸ்மினா வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகச் சப்னாவை உள்ளே கொண்டுபோய், கை, கால், கழுத்து, காதுமடல் என்று ஓரிடம் விடாமல் வேப்பெண்ணெய் பூசுவாள். மேலே பவுடர் தட்டிவிடுவாள், மணக்காமல் இருக்க. பிறகு பாயில் கொண்டுவந்து வைப்பாள். சப்னாவைச் சுற்றி வந்த நுளம்பு அவளில் இறங்காது. பக்கத்தில் வெறும் மேலோடு இருந்த அஃப்ராஸில் இறங்கும். றிஸ்மினா அவற்றை அடிக்க மாட்டாள். பிள்ளை சிணுங்கினால் ஊதிவிடுவாள், அவ்வளவுதான். “கொஞ்சம் பொறு வாப்பா, மருந்து மருந்து,” என்று மெல்லச் சொல்வாள்.

குசினிக் கதவோரம் நின்று ஷஸ்னா பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளையின் கையில் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருப்பதைக் கண்டால் மனம் கொஞ்சம் சுருங்கும். அப்போது வாப்பாவின் முகத்தை நினைத்துக்கொள்வாள். ஓமா, இல்லையா என்று கேட்ட முகத்தை. சுருங்கியது மறுபடி விரிந்து கல்லாகிவிடும். பெற்றவளுக்குத்தானே வலிக்க வேண்டும், வலிக்கட்டும் என்று நினைப்பாள். அவளுக்கு வலிக்கவில்லையே, அவன்தானே சொறிகிறான் என்று உள்ளே வேறொரு குரல் கேட்கும். அதற்கு அவள் காது கொடுப்பதில்லை.

பாக்கியம்மா மிஸி வீடு வீடாகப் போகிறவள். சொந்த ஊர் உடப்பு. யாரையும் “மகள்” என்றுதான் கூப்பிடுவாள். அஃப்ராஸ் ஊசிக்கு வரவில்லை என்று ஒரு நாள் தேடி வந்தாள். பிள்ளைக்குச் சளி, சுகமானதும் கொண்டுவருகிறேன் என்று றிஸ்மினா சொல்வது வேலிக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. மிஸி திரும்பும்போது ஷஸ்னாவைக் கண்டு நின்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மெய்யாகவே சளியா என்று கேட்டாள். ஒரு சொல் போதும், எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஷஸ்னா குனிந்து, தெரியாது மிஸி என்றாள்.

பிறகு அஃப்ராஸுக்குக் காய்ச்சல் அடித்தது.

பிள்ளையைச் சீலையில் சுற்றிக்கொண்டு றிஸ்மினா முச்சக்கர வண்டியில் ஏறுவதை ஷஸ்னா வேலியோரம் நின்று கண்டாள். அவனுடைய கால் ஒன்று சீலைக்கு வெளியே தொங்கியது. மூளைக் காய்ச்சலாக இருக்குமோ என்று நினைத்தாள். அன்று முழுக்க ஒன்றும் இறங்கவில்லை. அவன் பிழைக்க வேண்டும் என்று தொழுது துஆக் கேட்டாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை, றிஸ்மினாவுக்காகவும் கேட்கவில்லை, தனக்காகவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து டெங்கு என்று சொன்னார்கள். பிள்ளை சில நாள் அங்கேயே கிடந்து, மெலிந்து, ஆனால் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஷஸ்னா மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியேறவில்லை, அதற்குள் றிஸ்மினா கதையைத் திருப்பிவிட்டாள்.

டெங்காம் டெங்கு, ஆஸ்பத்திரிக்காரருக்கு எல்லாம் டெங்குதான் என்றாள். சப்னாவுக்குப் போட்ட உயிருள்ள மருந்தை நுளம்பு கொண்டுவந்து தன் பிள்ளையில் இறக்கிவிட்டது, அதுதான் இத்தனைக்கும் காரணம் என்றாள். ஆதாரம் கேட்டவர்களுக்கு, ஷஸ்னாவே தன் வாயால் சொன்னாள், நுளம்பில் மருந்து போகும் என்று, ஊரில் அவளைவிட விஞ்ஞானம் படித்தவள் யார் என்றாள். பாய் விரித்துப் பிள்ளையை இருத்தியதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

பெண்கள் தங்கள் பிள்ளைகளைச் சப்னாவிடமிருந்து இழுத்துக்கொண்டார்கள். றஹ்மா தண்ணீர்க் குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி நின்றார்கள். ஊசி போட்ட பிள்ளையை நாற்பது நாள் வலைக்குள்ளே வைக்க வேண்டும் என்று ஒருத்தி சட்டம் போட்டாள். கடைசியில் முபாரிஸ் வந்து வாசலிலேயே நின்று, றஹ்மாவின் கணவன் ஜவ்பரிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை. அவனுடைய வாப்பாவின் வாய்ச்சொல் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னவரும் இல்லை, கேட்டவரும் இல்லை.

றஹ்மா சுவரில் சாய்ந்து இருந்துவிட்டாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். “நீ அப்பிடிச் சொன்னியா?”

றஹ்மாவின் மடியில் சப்னா தூங்கிக்கொண்டிருந்தாள். றிஸ்மினாவுக்கு என்று வைத்த நெருப்பு தன் ராத்தாவின் கூரைக்கு வந்து நின்றதை ஷஸ்னா அப்போதுதான் முழுதாகக் கண்டாள். இதற்கும் சேர்த்து றிஸ்மினாவைப் பழிவாங்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நெய்னார் ஹாஜியார் வந்து றஹ்மாவின் முற்றத்தில் கதிரையில் இருந்தார். முபாரிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். றிஸ்மினா மகனை இடுப்பில் வைத்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியோரம் வந்து சேர்ந்தார்கள். ஜவ்பர் கடலுக்குப் போகாமல், பாக்கியம்மா மிஸியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

மிஸி நின்றுகொண்டே சொன்னாள். அந்த மருந்து இந்த நாட்டில் வருடக் கணக்காகப் போடுகிற மருந்து. நுளம்பு ஒன்றும் ஊசிக்குழாய் இல்லை, ஒருவரிடம் உறிஞ்சியதை மற்றவரில் கொண்டுபோய்ப் பீச்சிவிட. ஒரு வைரசு நுளம்பில் ஏற வேண்டுமென்றால் முதலில் பிள்ளையின் இரத்தத்தில் நிறையப் பெருக வேண்டும், பிறகு நுளம்புக்குள்ளும் பெருக வேண்டும். சத்துக் குறைத்த வைரசு அந்த வேலைக்கு ஆகாது. காய்ச்சல் டெங்குதான், முபாரிஸின் தோட்டத்தில் பூச்சிமருந்துக்குத் தண்ணீர் நிரப்பி வைக்கும் நீலப் பீப்பாயில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டெங்கு நுளம்பின் புழுவைக் கண்டு எச்சரித்துவிட்டும் போயிருக்கிறார். அதைக் கேட்டு முபாரிஸ் கட்டிய கையை அவிழ்த்தான்.

“அப்ப இவ ஏன் போகும் எண்டு சொன்னா?” றிஸ்மினா ஷஸ்னாவை நோக்கிக் கையை நீட்டினாள். “கேளுங்க மிஸி. இல்லையெண்டு சொல்லட்டும் பாப்பம்.”

எல்லோரும் திரும்பினார்கள். அதே முற்றம். முகங்களில் பாதியும் அதே முகங்கள். அன்று போல் ஷஸ்னா அறைக்குள் போகவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஓம், நான்தான் சொன்ன,” என்றாள். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஹாஜியார் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். “போகாது எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போகும் எண்டு சொன்ன.”

“பாத்தீங்களா?” என்றாள் றிஸ்மினா. “பொய்க்காரி எண்டு அவட வாயாலயே வந்திட்டு.”

“நீங்க நம்பித்தானே ஒவ்வொரு மஃரிபுக்கும் புள்ளைய எங்கட பாயில கொண்டு வந்து வச்சீங்க ராத்தா,” என்றாள் ஷஸ்னா. “சட்டையும் இல்லாம.”

வேலியோரம் சலசலத்தது. முபாரிஸ் மனைவியைப் பார்த்தான். இது அவனுக்குப் புதுச் செய்தி.

“சப்னாவ ஒரு நுளம்பும் கடிக்கல்ல. நான் வேப்பெண்ணெ பூசித்தான் கொண்டு வந்த. கடிச்சதெல்லாம் அவனைத்தான்.”

றஹ்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். பாக்கியம்மா மிஸி ஷஸ்னாவை நேராகப் பார்த்தாள். “மகள், அவன் சின்னப் புள்ளைல்லோ,” என்றாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் ஷஸ்னாவின் தலை குனிந்தது. பிறகு நிமிர்த்திக்கொண்டாள்.

ஹாஜியார் தாடியைத் தடவினார். இது பெரிய பாவம், ஆனால் இதற்காக ஒரு குடும்பத்தைக் காணியைவிட்டு எழுப்புவது அதைவிடப் பெரிய பாவம் என்றார். ஊசி போட்ட பிள்ளையில் ஒரு குற்றமும் இல்லை என்று மிஸி சொல்லியாயிற்று, வாப்பா கொடுத்த வாக்கை மகன் முறிக்கக் கூடாது என்றார். முபாரிஸ் தலையாட்டினான். ஜவ்பரின் தோள் இறங்கியது. றஹ்மா அழத் தொடங்கினாள். கதை அத்தோடு முடிந்துவிட்டது என்று பெண்கள் வேலியைவிட்டு நகரப் பார்த்தார்கள்.

“இன்னும் முடியல்ல,” என்றாள் ஷஸ்னா.

இந்த முறை ஹாஜியார் காதில் கை வைக்கத் தேவையிருக்கவில்லை.

“எங்கட வாப்பா என்னைப் பத்தி ஒரு பொய்ய நம்பிக்கிட்டே மவுத்தாயிட்டார். என்ட பொய்ய நான் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க ராத்தா.” ஷஸ்னா கதவுநிலையைவிட்டு முற்றத்துக்கு இறங்கினாள். “அண்டைக்குக் கண்டக்குழியில, அந்த மோட்டார் சைக்கிள்ள நீங்க கண்டது யாரை?”

முபாரிஸ், என்ன இது என்பதுபோல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எனக்குப் பேர் தெரியும்,” என்றாள் ஷஸ்னா. “அண்டைக்கும் தெரியும். நாலு வருஷமா வாய்க்குள்ளயே வச்சிருக்கேன். நான் சொல்லட்டா, நீங்க சொல்றீங்களா?”

றிஸ்மினாவின் உதடு பிரிந்தது. அவள் கண் ஒரு கணம் புத்தளம் ரோட்டுப் பக்கம் போய்த் திரும்பியது. அந்த ரோட்டின் மறு முனையில் ஒரு மாடிவீட்டில் அக்கீலா மாமியோடு இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பாள். ஷஸ்னாதான் என்று மறுபடி சொன்னால் அடுத்த மூச்சில் என்ன பேர் வரும் என்று றிஸ்மினாவுக்குத் தெரியும். ஷஸ்னா இல்லை என்று சொன்னால், அப்படியானால் யார் என்று ஊர் கேட்கும். ஷஸ்னா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பேரை நாக்கில் வைத்து, ருசி பார்ப்பதுபோல், ஒரு அவசரமும் இல்லாமல்.

“என்ன றிஸ்மினா,” என்றார் ஹாஜியார். “அண்டைக்கு எனக்கிட்ட வந்து சொன்ன நீதானே. அது பொய்யா? ஓமா, இல்லையா?”

அஃப்ராஸ் உம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, முழங்கையில் ஆறிப்போன ஒரு தழும்பைச் சொறிந்தான். றிஸ்மினா அவனை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். விழுந்திருந்த முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டாள். பிறகு ஹாஜியாரையும் பார்க்காமல், முபாரிஸையும் பார்க்காமல், வேலியோரத்துப் பெண்கள் விலகிக் கொடுத்த வழியால், ஒரு சொல்லும் சொல்லாமல் நடந்து போனாள்.